எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) 18 வயது நிரம்பாதவரா? பாதிக்கப்பட்ட குடும்பங்கள் செய்யும் தவறுகள்

தாக்கியவன் 17 வயதுப் பையன் என்று தெரிந்ததுமே, "கேஸ் நிக்காது, விட்டுருவாங்க" என்று பாதிக்கப்பட்டவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கேஸ் நிற்கும், நிற்கிற இடம்தான் வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமம் அதை விசாரிக்கும். அங்கேயும் சம்மன் வரும், சாட்சி சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணையும் உண்டு.

"எஃப்.ஐ.ஆர். போட மாட்டேன்கிறாங்க" என்று காவல் நிலையத்தில் சண்டை போடுவது அடுத்தது. அதே சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் 8-ஆவது விதிப்படி, கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோதான் முதல் தகவல் அறிக்கை. மற்றவற்றைப் பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவார்கள். ஆகவே நாட்குறிப்புப் பதிவின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியையும் பத்திரப்படுத்துங்கள்.

கொடுங்குற்றம் என்ற சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது கொடுங்குற்றம். கொலை முயற்சிக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு, ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று இல்லை. எனவே கத்திக்குத்தில் ஒருவர் உயிர் தப்பினால், குத்திய 17 வயதுக்காரனைப் பெரியவனாக விசாரிக்கச் சொல்லிக் கேட்பதில் பயன் இல்லை. கொலை வழக்கில் கேட்கலாம், அதுவும் சம்பவத்தன்று 16 வயது நிரம்பியிருந்தால்.

வயதில் சந்தேகம் இருந்தால் உடனே "எலும்புப் பரிசோதனை எடுங்க" என்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு வைத்திருக்கும் வரிசை வேறு: முதலில் பள்ளி அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. சான்றிதழே பொய் என்று நினைத்தால், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை வரவழைக்கும்படி அரசு வழக்கு நடத்துநர் மூலம் ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

பிணையை எதிர்க்கும்போது "எவ்வளவு பெரிய குற்றம் பாருங்க" என்று மட்டும் வாதாடினால் எடுபடாது. வெளியே விட்டால் பையன் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்று காரணங்களில் ஒன்றிலாவது அடங்கினால்தான் பிணை மறுக்கப்படும். அவன் வீட்டார் மிரட்டினார்களா? என்றைக்கு, யார், என்ன சொன்னார்கள் என்று எழுத்தில் கொடுங்கள். பாதிக்கப்பட்டவரின் குரலை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் விட அதிகம் கெடுப்பது இன்னொன்று. பெரியவர்கள் மூன்று பேரும் ஒரு சிறுவனும் சேர்ந்து தாக்கினால், 23-ஆவது பிரிவின்படி வழக்கு இரண்டாகப் பிரியும். செஷன்ஸ் கோர்ட்டில் ஒருமுறை, குழுமத்தில் ஒருமுறை என்று அதே சாட்சியத்தை இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். "ஏற்கெனவே சொல்லிட்டோமே" என்று குழுமத்தின் சம்மனை மடித்து வைத்தால், அங்கே சாட்சி இல்லாமல் பையன் விடுவிக்கப்படுவான். முதல் இடத்தில் கொடுத்த வாக்குமூலத்தின் நகலைப் படித்துவிட்டுப் போங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள சின்ன முரண்தான் குறுக்கு விசாரணையின் தீனி. காலமும் குறைவு: குழும விசாரணை நான்கு மாதம், நீட்டித்தால் இன்னும் இரண்டு. சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கையே மூடிவிடுவார்கள்.

தீர்ப்பு வரட்டும் என்று இழப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கில் எஃப்.ஐ.ஆர். பதிவானதுமே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். எதிரி விடுதலையானாலும் இழப்பீட்டுக்கு வழி உண்டு. மற்றக் குற்றங்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைத்தால் போதும்.

கோபத்தில் பையனின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குழுமத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். கொடுங்குற்றம் அல்லாத வழக்கில் குழுமம் விடுவித்துவிட்டால் அந்த வழியும் கிடையாது, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான். எதுவானாலும் உத்தரவின் சான்றிட்ட நகல் கையில் வேண்டும், அதற்கான மனுவை உத்தரவு வந்த அன்றே போட்டுவிடுங்கள்.