தமிழ், பாரசீகம், பிரெஞ்சு: வானியல், இயற்பியல் கலைச்சொற்களை இணையாகத் தொகுக்கும் முறை

மும்மொழிக் கலைச்சொல் பட்டியல் தொகுக்க அமர்பவர்கள் பெரும்பாலும் தாளில் மூன்று நிரல்களை வரைந்துகொண்டு, ஒன்றில் தமிழ்ச் சொல்லையும் மற்ற இரண்டில் பாரசீக, பிரெஞ்சுச் சொற்களையும் நிரப்பத் தொடங்குவார்கள். நான்கு நிரல்கள் வேண்டும் என்பது என் கருத்து. முதல் நிரலில் எந்தச் சொல்லும் இருக்கக் கூடாது; ஒரே வரியில் அமைந்த வரையறையும், அளக்கத்தக்க பொருளாக இருந்தால் அதன் அலகும் மட்டுமே அங்கே இருக்க வேண்டும். மூன்று மொழிகளும் ஒரே உலகத்தைத்தான் பெயரிடுகின்றன என்றாலும், அவை அதைக் கூறுபோடும் இடங்கள் வெவ்வேறானவை. ஆகவே சொல்லோடு சொல்லைப் பொருத்தாமல், ஒவ்வொரு சொல்லையும் வரையறையோடு தனித்தனியே பொருத்த வேண்டும்.

இதற்குச் சிறந்த பயிற்சி ‘நிறை’ என்னும் ஒரு சொல்லில் தொடங்குகிறது. தமிழகப் பாடநூல்களில் நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, கிலோகிராமில் அளக்கப்படுவது. அதன்மீது செயல்படும் ஈர்ப்பு விசை எடை எனப்படும்; அது நியூட்டனில் அளக்கப்படும். இலங்கைப் பாடநூல்களிலோ முதலாவது ‘திணிவு’, இரண்டாவதுதான் ‘நிறை’. அதாவது ஒரே எழுத்துக்கூட்டு கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இரண்டு வெவ்வேறு இயற்பியல் அளவுகளைக் குறிக்கிறது. நான் முதன்முதலில் தொகுத்த பட்டியலில் வட்டாரக் குறிப்பு எதுவுமின்றி ‘நிறை’ என்று மட்டும் எழுதி, அதற்கு நேரே பிரெஞ்சு ‘மாஸ்’ என்றும் பாரசீக ‘ஜெர்ம்’ என்றும் இட்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் படித்த வாசகருக்கு அந்த வரிசை முழுவதும் பிழையாகவே தோன்றும். வரையறையும் அலகும் முதல் நிரலில் இருந்திருந்தால், ‘நிறை (தமிழகம்), திணிவு (இலங்கை)’ என்று எழுதியிருப்பேன். எடைக்குப் பிரெஞ்சில் ‘புவா’, பாரசீகத்தில் ‘வஸ்ன்’.

விரைவைக் குறிக்கும் சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. திசையைக் கருதாத அளவுக்குத் தமிழகத்தில் வேகம், இலங்கையில் கதி. திசையோடு கூடியதற்குத் தமிழகத்தில் திசைவேகம், இலங்கையில் வேகம். பாரசீகம் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது: திசையில்லாதது ‘தொந்தீ’, திசையுள்ளது ‘சொர்அத்’. பிரெஞ்சோ இரண்டுக்கும் ‘வித்தெஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, திசை முக்கியமாகும் இடத்தில் மட்டும் ‘வெக்தர் வித்தெஸ்’ என்று விரித்துச் சொல்கிறது. அலை பரவும் வேகத்துக்கு ‘செலெரிதே’ என்ற தனிச்சொல்லும் அதனிடம் உண்டு. ஒரு மொழியில் பிரிவு இல்லையென்றால், இல்லாத ஒரு சொல்லைத் தொகுப்பாளர் புதிதாக உருவாக்கிக் கட்டத்தை நிரப்பக் கூடாது. இரண்டு வரிசைகளிலும் ‘வித்தெஸ்’ என்றே எழுதி, எது எங்கே என்ற குறிப்பைச் சேர்ப்பதே நேர்மையான வழி.

ஆங்கிலத்தை இடைப்பாலமாகக் கொண்டு கடக்கும் பழக்கத்தை, குறைந்தபட்சம் இந்த வேலையிலாவது, கைவிட வேண்டும். உந்தத்தின் ஆங்கிலப் பெயரான மொமென்டம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பிரெஞ்சு அகராதியைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது ‘மோமான்’ என்ற சொல். ஆனால் பிரெஞ்சு இயற்பியலில் அது விசையின் திருப்புத்திறனைக் குறிக்கிறது. உந்தத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ‘இயக்கத்தின் அளவு’ என்று பொருள்படும் ‘கான்தித்தே து மூவ்மான்’ என்ற தொடரையே ஆள்கிறார்கள். குவாண்டம் நூல்களில் அதே உந்தம் ‘ஏன்புல்சியோன்’ ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லோ விசையையும் காலத்தையும் பெருக்கிவரும் கணத்தாக்குக்கும் பயன்படுகிறது. கோண உந்தம் ‘மோமான் சினெதிக்’. பாரசீகத்தில் இத்தனை குழப்பம் இல்லை: உந்தம் ‘தகானே’, திருப்புத்திறன் ‘கஷ்தாவர்’. வரையறையையும் அலகையும் எழுதிவைத்தவர் இந்தச் சுழலில் சிக்கமாட்டார்.

நிறப்பெயர்கள் வரும் இடங்களிலும் நிதானம் தேவை. கருந்துளை பிரெஞ்சில் ‘த்ரூ நுவார்’, பாரசீகத்தில் ‘சியாஹ்சாலே’. மூன்றும் கருமையோடு துளையையோ பள்ளத்தையோ சேர்த்துச் சொல்கின்றன. ஒளியை உமிழாத கரும்பொருளுக்கு வரும்போது பிரெஞ்சு மீண்டும் ‘நுவார்’ என்னும் அதே கருமையைச் சொல்ல, பாரசீகம் ‘சியாஹ்’ என்னும் கருமையை விட்டுவிட்டு, இருளைக் குறிக்கும் ‘தாரீக்’ என்ற சொல்லுக்கு மாறிவிடுகிறது. ‘கரும்’ வரும் இடமெல்லாம் ‘சியாஹ்’ என்று போட்டுக்கொண்டே போனால் தெஹ்ரானில் யாருக்கும் புரியாத சொல்லொன்று பிறந்துவிடும்.

தனிச்சொற்களைவிடச் சொற்குடும்பங்களாகத் தொகுப்பதே விரைவானது. விண்மீனுக்குப் பாரசீகத்தில் அன்றாட வழக்கில் ‘செதாரே’. இலக்கிய வழக்கிலும் கூட்டுச்சொற்களிலும் ‘அக்தர்’. அந்த அக்தரோடு புதுமையைக் குறிக்கும் ஒட்டைச் சேர்த்தால் நோவா, அதாவது திடீரென ஒளி பெருகும் விண்மீன். அதன் முன்னே ‘அபர்’ சேர்த்தால் சூப்பர்நோவா, அதாவது விண்மீனின் பெருவெடிப்பு. துடிப்பைச் சேர்த்தால் துடிமீன், அதாவது ‘தப்அக்தர்’. ‘போன்றது’ என்ற ஈற்றைச் சேர்த்தால், விண்மீன்போலத் தெரியும் தொலைதூரப் பொருளான குவாசார், அதாவது ‘அக்தர்வஷ்’. விண்மீனை அடியாகக் கொண்டு துடிமீன், வெண்குறுமீன் என்று தமிழ் செய்வதும் இதுவே என்பதால், இந்தக் குடும்பத்தைப் பக்கத்தில் பக்கமாக வைக்கும்போது மனத்தில் எளிதில் பதிகிறது. பிரெஞ்சில் கவனிக்க வேண்டியது பால். விண்மீனைக் குறிக்கும் ‘எத்துவால்’ பெண்பாற்சொல் ஆகையால், வெண்குறுமீன் ‘நேன் பிளான்ஷ்’ என்றும் செம்பெருமீன் ‘ஜேயான்த் ரூஜ்’ என்றும் பெண்பால் வடிவிலேயே வரும். பெயர்ச்சொல்லின் பாலைப் பட்டியலில் குறிக்காவிட்டால், அதைப் பயன்படுத்துபவர் அடுத்த வாக்கியத்திலேயே தடுக்கி விழுவார்.

சொற்பிறப்புக்கு ஒரு சிறு நிரல் ஒதுக்குவது வீண் அலங்காரம் அல்ல. விண்மீன் பேரடையைக் குறிக்கும் ‘கஹ்கஷான்’ என்ற பாரசீகச் சொல், வழியெங்கும் சிந்திய வைக்கோலை நினைவூட்டுவது. பிரெஞ்சு ‘கலக்ஸி’, குடிக்கும் பாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய பழைய ஆகாய கங்கையோ ஆற்றைக் கண்டது. பிரெஞ்சில் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது நமது பேரடை. சிறிய எழுத்தில் தொடங்கினால் ஏதேனும் ஒரு பேரடை. இந்த வேறுபாடு உச்சரிப்பில் தெரியாது.

இங்கே எழுத்துமுறையின் சிக்கல் வந்து நிற்கிறது. தமிழ் எழுத்தில் ஒலிபெயர்ப்பது வாசகருக்கு உதவியே. ஆனால் மூல எழுத்து இல்லாமல் அது மட்டும் போதாது. மேலே சொன்ன ‘தொந்தீ’யின் நெடிலைச் சற்றே குறுக்கினால் வயிற்றுக்குப் போய்விடுகிறது. பிரெஞ்சு ‘நுவார்’ ஆண்பாலிலும் பெண்பாலிலும் ஒரேபோல ஒலிக்கும். எழுத்தில் மட்டுமே வேறுபடும். பாரசீகத்தில் இதற்கு நேரெதிரான நிலை. ‘ஜெர்ம்’ என்ற நிறை, குறில் உயிர்கள் எழுதப்படாததால், ஜீம், ரே, மீம் என்னும் மூன்றே எழுத்துகளாக நிற்கிறது. அதே மூன்றெழுத்தை ‘ஜோர்ம்’ என்று படித்தால் குற்றம் என்று பொருள். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் மூல எழுத்து, ஒலிபெயர்ப்பு இரண்டும் வேண்டும். பால்வழியைக் குறிக்கும் ‘ராஹெ ஷீரீ’யில் இரு சொற்களையும் இணைக்கும் எகரமும் பெரும்பாலும் எழுத்தில் வராது, கேட்டறிந்தே எழுத வேண்டும்.

இரட்டை வழக்குகளில் எதை முதலில் வைப்பது என்பது தமிழருக்குப் புதிய கேள்வி அல்ல. நாம் கிரகணத்துக்கும் மறைப்புக்கும் இடையே நிற்பதைப்போல, பாரசீகர்கள் அரபு வழிவந்த ‘கொசூஃப்’ என்பதற்கும் தம் மொழியிலேயே அமைந்த ‘கொர்ஷீத் கெரெஃப்தெகி’ என்பதற்கும் இடையே நிற்கிறார்கள். 1935-இல் ஈரானில் மொழிக் கழகம் நிறுவப்பட்ட பிறகு புத்தாக்கச் சொற்கள் பெருகின. ஆயினும் ‘எனெர்ஜீ’, ‘ஃபிஸீக்’ போன்ற பிரெஞ்சுக் கடன்கள் அப்படியே நிலைத்துவிட்டன. அந்த இடங்களில் பாரசீக நிரலும் பிரெஞ்சு நிரலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அதைப் பிழை என்று எண்ணித் திருத்த வேண்டாம். பாடநூல் வழக்கை முதலிலும் மற்றதை அடுத்தும் வைப்பது என் வழக்கம்.

பழைய நூல்களிலிருந்து எடுக்கும் சொல்லுக்கு ஆண்டைக் குறிக்க வேண்டும். பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964-இல் ஆந்திரோமேடாவை ஒரு சிறு மேகமாகவே பதிவுசெய்தார். அது நமது பேரடைக்கு வெளியே உள்ள தனிப் பேரடை என்று காட்டிய, அமெரிக்க வானியலாளர் ஹபிளின் அளவீடு 1925-இல் அறிவிக்கப்படும்வரை பெரும்பாலான நூல்கள் அதை நெபுலா என்றே அழைத்தன. அவற்றில் வரும் பிரெஞ்சு ‘நெபுலேஸ்’ என்பதை இன்றைய விண்முகிலோடு சமப்படுத்த முடியாது.

எண்களை மறந்துவிடக் கூடாது. அண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்பதைப் பிரெஞ்சு 13,8 மிலியார் என்று, புள்ளிக்குப் பதில் காற்புள்ளியோடு எழுதும். பிரெஞ்சு ‘பிலியோன்’ நூறு கோடி அல்ல, ஒரு லட்சம் கோடி.

பட்டியல் முடிந்தபின் ஒவ்வொரு வரிசையையும் பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டும். பிரெஞ்சு ‘லுனெத்’ என்பதற்குத் தமிழ் நிரலில் ‘தொலைநோக்கி’ என்று இருந்தால், அந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து மீண்டும் பிரெஞ்சுக்குத் திரும்பும்போது ‘தெலெஸ்கோப்’ வந்து சேரும். லென்ஸால் ஆனது லுனெத், ஆடியால் ஆனது தெலெஸ்கோப் என்று பிரெஞ்சு வானியலாளர்கள் பிரித்தே பேசுகிறார்கள். எனவே அந்த வரிசையை இரண்டாக்கி, ஒன்றில் ஒளிவிலகல் தொலைநோக்கி என்றும் மற்றொன்றில் எதிரொளிப்புத் தொலைநோக்கி என்றும் எழுத வேண்டும்.