தண்டர்போல்ட் 1000டியா, 1003ஆ? பழைய எச்சரிக்கை சைரனுக்குச் சரியான மாடல் பெயர் எழுதுவது

கம்பத்தின் உச்சியில் பெரிய சதுர வாய் ஹாரனைக் கண்டதும் "தண்டர்போல்ட்" என்று எழுதிவிடுவார்கள். அது மாடல் அல்ல, அமெரிக்காவின் ஃபெடரல் நிறுவனம் 1950களிலிருந்து விற்ற ஒரு வரிசையின் பெயர். அதற்குள் 1000, 1000டி, 1003 என மூன்று உண்டு. தூரத்திலிருந்து மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

படி 1: பெயர்த் தகட்டை (பிளேட்) தேடுங்கள்

காற்றைத் தள்ளும் புளோயர் தனிப்பெட்டியில் இருக்கும். கம்பத்தின் மேல் ஹாரனைச் சுழற்றும் ரோட்டேட்டர், காற்றை வெட்டி ஒலியாக்கும் சாப்பர், ஹாரன்: இவை சேர்ந்ததே தலை. புளோயர் பிளேட்டில் "சூட்டர்பில்ட்" என்று இருந்தால் அது புளோயர் செய்த கம்பெனி, சைரன் பெயரல்ல. பழைய யூனிட்டில் தலையும் புளோயரும் வேறுவேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம். அதனால் தலையின் பிளேட்டையே நம்புங்கள். "ஃபெடரல் சைன் அண்ட் சிக்னல்" என்றிருந்தால் 1970களின் நடுப்பகுதிக்கு முந்தையது.

கம்பத்தில் ஏறவே வேண்டாம். சைரன் ரிமோட்டில் எந்த நேரமும் ஓடத் தொடங்கலாம். ஜூம் செய்த படம் போதும்.

படி 2: சொலினாய்டு இருக்கிறதா?

1003இல் சாப்பரை ஒட்டி இரண்டு சொலினாய்டுகள் (மின்காந்தத்தால் நகரும் மூடிகள்) இருக்கும்; 1000டியில் இருக்காது. அவை சாப்பரில் காற்று வெளியேறும் துளைகளின் (போர்ட்) இரண்டு வரிசைகளையும் மாற்றி மாற்றி மூடி, உயர்ந்தும் தாழ்ந்தும் வரும் ஹை-லோ ஒலி தரும். பிளேட்டில் 1003, ஆனால் சொலினாய்டு இல்லையா? "1003, சொலினாய்டு கழற்றியது" என்று எழுதுங்கள். 1000டி என்று மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

படி 3: ஒலியை அளந்து பாருங்கள்

பிளேட் அழிந்திருந்தால் சைரனின் ஒலிப்பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக உள்ளது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். சைரன் முழு வேகத்தில், ஹாரன் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் இரண்டு மூன்று விநாடிகளை மட்டும் எடுங்கள். வேகம் ஏறும்போது எடுத்தால் உச்சிகள் பரவி, எண் எதுவும் நிற்காது.

ஒரே அடிப்படை அதிர்வெண் என்றால் 1000. இரண்டு என்றால் 1000டி அல்லது 1003. பெரியதைச் சிறியதால் வகுங்கள். விடை 2 என்றால் அது ஹார்மோனிக், அதாவது அதே தொனியின் மடங்கு. இரண்டாவது தொனி அல்ல. இரட்டைத் தொனி சைரனில் இரண்டு வரிசைகளும் ஒரே வேகத்தில் சுழல்வதால் விகிதம் போர்ட் எண்ணிக்கையை மட்டுமே காட்டும்: 10, 12 போர்ட் உள்ள ஃபெடரலின் இன்னொரு சைரனான 2டி22இல், மோட்டார் மெதுவாக ஓடினாலும் 1.2தான் வரும். அதே சைரனில் சொலினாய்டு மூடிகள் சேர்ந்தால் 3டி22.

படி 4: எண்ணை ஊகிக்காதீர்கள்

ஃபெடரலின் மாடல் 2இல் 2 என்பது மோட்டாரின் ஹெச்பி. 2001-130இல் 130 என்பது 100 அடி தூரத்தில் டெசிபல். முன்னால் உள்ள 2001 ஆண்டல்ல, அதே வரிசையின் 2001-எஸ்ஆர்என் 1980களிலேயே வந்துவிட்டது. கார் நிறுவனமான கிரைஸ்லர் செய்த சைரன்களில் பெயரே தகராறு: 1942இல் வந்தது பெல் விக்டரி சைரன், 180 ஹெச்பி ஹெமி வி8 எஞ்சின் வைத்து 1952இல் வந்தது கிரைஸ்லர் ஏர் ரெய்டு சைரன். பின்னதை "விக்டரி" என்பது தவறு.

படி 5: பெயரை எழுதுங்கள்

நிறுவனம், வரிசை, மாடல், மாற்றம், ஆதாரம் என்ற ஒழுங்கில்: "ஃபெடரல், தண்டர்போல்ட் 1003, சொலினாய்டு கழற்றியது, தலை பிளேட்." ஒலியை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் "1000டி அல்லது 1003, ஒலிப்பதிவு" என்றே விடுங்கள்.