பேப்பர் ஜோசியம்: ராத்திரிக்கு என்ன டிபன்?

எங்கள் வீட்டில் தினமும் ஏழு மணிக்கு நடக்கும் இட்லியா தோசையா பஞ்சாயத்தை இப்போது ஒரு தாள்தான் தீர்த்து வைக்கிறது. ஸ்கூலில் விரலில் மாட்டிக்கொண்டு "கலர் சொல்லு, நம்பர் சொல்லு" என்று ஆடினோமே, அதேதான்.

ஏ4 தாளில் 21 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம், மடிப்பு உட்காராது. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் மடித்து விரித்தால் நடுப்புள்ளி தெரியும். நான்கு மூலைகளையும் அந்தப் புள்ளிக்கு மடியுங்கள்.

அடுத்து, தாளைக் கவிழ்க்க வேண்டும். நான் சொதப்பியது இங்கேதான். கவிழ்க்காமல் அதே பக்கம் மறுபடி மடித்தேன். குட்டிச் சதுரம் வந்தது, விரல் விட இடமே இல்லை. மூன்று தாள் வீணான பிறகுதான் உறைத்தது: முதலில் மடித்த மடல்கள் அடியில் போனால்தான் அவை விரல் நுழையும் பைகளாகும். ஆகவே கவிழ்த்துவிட்டு, மறுபடி நான்கு மூலைகளும் நடுவுக்கு. 10.5 செ.மீ. சதுரம் கிடைக்கும். அதை நெடுக்காக ஒரு தரம், குறுக்காக ஒரு தரம் பாதியாக மடித்து நகத்தால் நன்றாகத் தேய்த்து விரியுங்கள்.

எழுதுவதைத் தட்டையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளிப்பக்கம் நான்கு சதுரங்களில் கலர். உள்ளே ஒரு மடலில் 1, 2, அடுத்ததில் 3, 4 என்று 8 வரை. மடலைத் தூக்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ஒரு டிபன். ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும்; பால்பாயின்ட் போதும். டிபன் பெயர்கள் மட்டும் பென்சிலில், மாவு தீர்ந்த நாளில் அழிக்கலாம்.

இரண்டு கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பைகளில் விட்டு மேலே குவியுங்கள். சொன்ன கலரின் எழுத்துக்கு ஒன்றாக, நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றித் திறக்கவும். தெரியும் எண்களில் ஒன்றைக் கேட்டு அத்தனை தடவை. மறுபடி ஒரு எண் கேட்டு, அந்த மடலைத் தூக்கிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: "முதலில் எப்போதும் அதே நான்கு எண்கள்தான் வருகின்றன" என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். ஒரு பக்கம் திறந்தால் 1, 2, 5, 6. மறுபக்கம் 3, 4, 7, 8. அவர் எழுதியிருந்தது சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பழுப்பு. எல்லாமே நான்கெழுத்து! இரண்டை எடுத்துவிட்டு மூன்றெழுத்துப் பச்சை, நீலம் போடுங்கள். புள்ளி எழுத்தையும் எண்ண வேண்டும். என் மகன் சிவப்பில் 'ப்'பை விழுங்கிவிட்டு மூன்றோடு நிறுத்துகிறான். உப்புமா எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.