பழுப்பு நிறம் தெரிந்தால் போதுமா? செல் சுழற்சிப் புரதங்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திசுவில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்க, அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஸ்லைடில் போட்டு, ஒட்டிய இடத்தைப் பழுப்பாக்கிப் பார்க்கிறோம். பெருகும் செல்களைக் காட்டும் கேஐ-67 அப்படித் தேடப்படும் ஒரு புரதம். அந்தப் பெயரில் உள்ள ‘கேஐ’ ஜெர்மனியின் கீல் நகரத்தைக் குறிக்கிறது. 67 அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியைச் சுரந்த குளோனின், அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய செல் கூட்டத்தின், எண். 1983-இல் அறிமுகமான அந்த முதல் ஆன்டிபாடி, உறைய வைத்த திசுவில்தான் வேலை செய்தது. பாரஃபின் மெழுகில் பதித்த திசுவிலும் கேஐ-67-ஐப் பார்க்க முடிந்தது 1990-களில்தான். எம்ஐபி-1 என்ற புது ஆன்டிபாடியும் வேண்டியிருந்தது, ஸ்லைடை மைக்ரோவேவில் கொதிக்க வைக்கும் உத்தியும் வேண்டியிருந்தது. திசு கெடாமல் இருக்க நாம் ஊற்றும் ஃபார்மலின் புரதங்களை முடிச்சுப் போட்டு இறுக்கிவிடும். சூடு அந்த முடிச்சுகளைத் தளர்த்தும்.

இந்த வரலாற்றை மறந்துவிட்டு, நிறம் வராதபோது முதலில் ஆன்டிபாடி பாட்டிலைக் குறை சொல்கிறோம். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்திருக்கும். அறுவை அறையிலிருந்து வந்த திசு எவ்வளவு நேரம் தட்டில் கிடந்தது? மார்பகப் புற்றுநோய்த் திசுவை 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. தாமதமானால் முதலில் அடிபடுபவை பாஸ்பேட் ஏறிய புரதங்கள். செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிக்கொண்டே இருக்கும். எலும்புத் திசுவை அமிலத்தில் மென்மையாக்கினாலும் கேஐ-67 மங்கிப் போகும். வெட்டிய ஸ்லைடுகளை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்து, பிறகு நிறமேற்றி, ‘நெகட்டிவ்’ என்று எழுத இருந்த தவறை நானே செய்திருக்கிறேன். அதே திசுவில் புதிதாக ஒரு துண்டு வெட்டிப் பார்த்தபோது உட்கருக்கள் பளிச்சென்று தெரிந்தன.

அடுத்து, ஒப்பீட்டுத் திசு. டான்சிலைப் போல நல்ல ஆசிரியர் வேறில்லை. கேஐ-67 போட்டால், அதில் லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) வேகமாகப் பெருகும் முளை மையங்கள் அடர்ந்த பழுப்பாகும், சுற்றியுள்ள வளையம் பெரும்பாலும் வெளிறியே இருக்கும். சைக்ளின் டி1 என்ற இன்னொரு செல் சுழற்சிப் புரதத்துக்குப் போட்டால் கதை வேறு: அந்த வளையத்தின் லிம்போசைட்டுகள் நிறமேறக் கூடாது, டான்சிலைப் போர்த்தியுள்ள எபிதீலியத்தின் கீழ் அடுக்குச் செல்களில்தான் நிறம் வர வேண்டும். அந்த லிம்போசைட்டுகளும் பழுப்பானால் அன்றைய நிறமேற்றலையே நம்பாதீர்கள். முதன்மை ஆன்டிபாடி (தேடும் புரதத்தில் ஒட்டுவது) இடாத ஸ்லைடு ஒன்றையும் கூடவே நிறமேற்ற வேண்டும். மெலனின் போன்ற இயற்கை நிறமிகளும் பழுப்புதானே!

எலித் திசுவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எம்ஐபி-1 சுண்டெலியின் கேஐ-67-ஐப் பிடிக்காது, எஸ்பி6 என்ற ஆன்டிபாடி பிடிக்கும். எலியில் உருவான ஆன்டிபாடியை எலித் திசுவிலேயே போட்டால், அதைப் பிடித்து நிறம் கொண்டுவரும் இரண்டாம் ஆன்டிபாடி, திசுவில் ஏற்கெனவே உள்ள எலியின் சொந்த ஆன்டிபாடிகளிலும் (இம்யூனோகுளோபுலின்) போய் ஒட்டும்.

சரி, நிறம் வந்துவிட்டது. செல்லில் எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள். சைக்ளின் பி1 என்ற புரதம், செல் பிரிவதற்குச் சற்று முந்தைய ஜி2 கட்டத்தில் உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் இருக்கும், மைட்டாசிஸ் (செல் பிரிவு) தொடங்கும்போது உட்கருவுக்குள் போகும். கேஐ-67 உட்கருப் புரதம். ஆனால் தைராய்டில் வரும் ஹையலினைசிங் டிரபெகுலார் கட்டியில் எம்ஐபி-1 செல் சவ்வில் ஒட்டும். அதுவும் அறை வெப்பநிலையில் செய்தால் மட்டும். வேறு குளோன்களின் கேஐ-67 ஆன்டிபாடிகளில் இது வராது. நோயறிதலுக்கே உதவும் இந்த விந்தையைச் செல் பெருக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது எண்ணிக்கைதான். கேஐ-67, செல் ஓய்ந்திருக்கும் ஜி0 நிலை தவிர, செல் சுழற்சியின் எல்லாக் கட்டங்களிலும் இருக்கும். ‘இந்தச் செல் இப்போது பிரிகிறது’ என்று அது சொல்லாது. அதைச் சொல்லப் பாஸ்போ ஹிஸ்டோன் எச்3 என்ற வேறொரு புரதம் இருக்கிறது. குடலின் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் (ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வருபவை) கேஐ-67 நிறமேறிய செல்கள் 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதல் தரம், 20-ஐத் தாண்டினால் மூன்றாம் தரம், இடையில் இருந்தால் இரண்டாம் தரம். 2 சதவீதத்துக்கும் 3 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் மதிப்பிட யாராலும் முடியாது. அதன் விளைவை அனுபவிப்பவர் நோயாளி. நிறம் செறிந்த பகுதியில் குறைந்தது 500 கட்டிச் செல்களை எண்ண வேண்டும். நடுவே புகுந்த லிம்போசைட்டுகளும் பழுப்பாக இருக்கும், அவற்றைச் சேர்க்கக் கூடாது. படம் எடுத்து, தாளில் அச்சிட்டு, எண்ணிய ஒவ்வொரு செல்லையும் பேனாவால் அடித்துக்கொண்டே போங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் எண் சரியாக வரும்.