பரணில் கிடக்கும் நோக்கியா 1100-ஐ மறுபடி ஓட வைக்க

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய் இரண்டு நாள் வராவிட்டால் ஸ்மார்ட்போன் முதல் நாளே அணைந்துவிடும். டார்ச்சும் தூசி புகாத ரப்பர் கீபேடுமாக 2003-ல் வந்த 1100, நம் ஊர் மாதிரி இடங்களை மனதில் வைத்தே செய்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. செத்துப்போனது என்று ஒதுக்கியவற்றில் பலவற்றுக்கும் கோளாறு போர்டில் இல்லை. பேட்டரியிலும் அதன் முனைகளிலும்தான்.

முதலில் பேட்டரியைக் கழற்றி, மட்டமான மேசையில் வைத்துச் சுற்றிவிடுங்கள். பம்பரம் போலச் சுழன்றால் வயிறு உப்பிவிட்டது என்று அர்த்தம்; சார்ஜில் போடவே கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது. சுழலாவிட்டால் மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, பிளஸ், மைனஸ் குறியுள்ள முனைகளில் அளவெடுங்கள். 3.5-க்கு மேல் இருந்தால் நல்லது. 2.5-க்குக் கீழே போய் வருடக்கணக்கில் கிடந்ததை ஒயர் கொடுத்துத் தட்டி எழுப்பாதீர்கள். உள்ளே செம்பு கரைந்து ஷார்ட் ஆகியிருக்கலாம். இந்த போனுக்கான பிஎல்-5சி பேட்டரி புதிதாக இன்னும் கிடைக்கிறது. அசலின் கொள்ளளவே 850-லிருந்து 1020 எம்ஏஎச் வரைதான். அதே அளவில் 2000 என்று அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம்.

அடுத்து, பேட்டரி தொடும் ஸ்பிரிங் முனைகள். மலை ஈரத்தில் பச்சை பூத்திருக்கும். 99 சதவீத ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்து, முனை மினுங்கும் வரை தேய்த்து, அரை மணி நேரம் காயவிடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று நீலகிரித் தைலத்தை எடுக்காதீர்கள். எண்ணெய்ப் படலம் தங்கும், சில பிளாஸ்டிக் இளகியும் போகும்.

சிம் 25-க்கு 15 மில்லிமீட்டர் முழு அளவில் வேண்டும். நானோ சிம்மை அடாப்டரில் வைத்தால் பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டுங்கள். வெறும் அடாப்டரை உள்ளே தள்ளி இழுத்தால் அதன் ஓட்டையில் ஸ்பிரிங் மாட்டி ஒடியும்; அதோடு போன் கதை முடிந்தது. இந்த போன் 2ஜி-யில் மட்டும்தான் ஓடும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, எனவே ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். இவற்றில் உங்கள் ஊரில் 2ஜி எடுப்பதைப் போடுங்கள். ஆன் செய்து *#06# அழுத்தினால் போனின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வர வேண்டும்.

மலையில் மட்டும் வரும் வினோதம் ஒன்று உண்டு. குன்னூர் லேம்ஸ் ராக் போல சமவெளியைப் பார்த்த முகட்டில் சில சமயம் சிக்னல் கட்டைகள் நிறைய நிற்கும், கால் மட்டும் போகாது. 2ஜி-யின் ஜி.எஸ்.எம். முறையில் ஒவ்வொரு போனுக்கும் பேச 577 மைக்ரோவினாடி நேரத் துண்டு ஒன்றுதான். டவர் 35 கிலோமீட்டரைத் தாண்டினால் நம் அலை தாமதமாகப் போய் அடுத்தவர் துண்டில் விழும் என்பதால் டவர் ஏற்காது. கோவைப் பக்கத்து டவர் தடையில்லாமல் தெரிந்தாலும் பலனில்லை. பாறைக்கோ சுவருக்கோ பின்னால் நகருங்கள். தூரத்து அலை மறைந்ததும் போன் பக்கத்து டவரைப் பிடிக்கும்.

டவர் கிடைக்காமல் தேடிக்கொண்டே இருந்தால் சார்ஜ் வேகமாக இறங்கும். பள்ளத்து வீடுகளில் இரவில் அணைத்து வையுங்கள். சார்ஜருக்கு 3.5 மில்லிமீட்டர் தடித்த பின். பின்னால் வந்த 2 மில்லிமீட்டர் பின் பொருந்தாது. ஜனவரியில் ஊட்டியின் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் காலையில், வெளியே கிடந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள்: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். அறைக்குள் ஒரு மணி நேரம் வைத்து, மேலே பூத்த நீர் காய்ந்த பிறகு செருகுங்கள்.