ஆய்வுச் சஞ்சிகையின் உறுப்புகள்: அச்சிலும் இணையத்திலும் எது எங்கே வர வேண்டும்

துறைக்கென ஓர் ஆய்வுச் சஞ்சிகை தொடங்குவோம் என்று முடிவானதும் பேச்சு பெரும்பாலும் அட்டைப் படத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதைக் கடைசிக்கு விடுங்கள். அச்சுப் பிரதியைக் கையில் எடுப்பவர் அட்டை, பொருளடக்கம், கட்டுரை என்ற ஒழுங்கில் உள்ளே வருவார். இணையத்தில் தேடுபவரோ நேரே ஏதோ ஒரு கட்டுரையின் பிடிஎஃப்பில் வந்து இறங்குவார். அட்டை அவர் கண்ணில் படவே படாது. ஆகவே சஞ்சிகையின் அடையாளம் முழுவதும் ஒவ்வொரு கட்டுரையிலும் இருக்க வேண்டும்.

படி 1: பெயரும் ஐஎஸ்எஸ்என் எண்ணும்

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தீர்மானித்து, அட்டை, உள்தலைப்புப் பக்கம், இணையத்தளம் மூன்றிலும் ஓர் எழுத்தும் பிசகாமல் வையுங்கள். ஐஎஸ்எஸ்என் என்பது சஞ்சிகை போன்ற தொடர் வெளியீடுகளுக்குத் தரப்படும் எட்டிலக்கச் சர்வதேச அடையாள எண். பிறகு பெயரைப் பெரிதாக மாற்றினால் புதிய ஐஎஸ்எஸ்என் எடுக்க வேண்டிவரும். இலங்கையில் இந்த எண்ணைத் தருவது கொழும்பிலுள்ள தேசிய விஞ்ஞான மன்றம். நூல்களுக்கான ஐஎஸ்பிஎன் எண்ணைத் தருவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. இரண்டையும் குழப்பி, தவறான இடத்துக்கு விண்ணப்பித்துக் காலத்தை வீணாக்காதீர்கள். அச்சுக்கு ஓர் எண், மின்பதிப்புக்கு வேறோர் எண் என இரண்டு எண்கள் தேவை.

எண்ணை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது இலக்கம் மாறிப்போவது சாதாரணமாக நடக்கும். அதைப் பிடிக்க வழி உண்டு. 0378-5955 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 0, 21, 42, 40, 20, 27, 10. கூட்டினால் 160. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 6. 11 இலிருந்து 6 போக 5. அதுவே கடைசி இலக்கம். விடை 10 என்று வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் எழுத்து வரும். மீதியே இல்லாவிட்டால் கடைசி இலக்கம் 0. கணக்கு ஒத்துவராவிட்டால் எங்கோ தட்டச்சுப் பிழை இருக்கிறது.

படி 2: அச்சு இதழின் எலும்புக்கூடு

முன்னட்டை, உள்தலைப்பு, ஆசிரியர் குழுப் பக்கம், பொருளடக்கம், ஆசிரியர் உரை, கட்டுரைகள், நூல் மதிப்புரை, கட்டுரையாளருக்கான அறிவுறுத்தல்கள் என்பதே வழமையான ஒழுங்கு. ஆசிரியர் குழுப் பக்கத்தில் பெயருடன் பதவியும் நிறுவனமும் இருக்க வேண்டும். வருடத்துக்கு எத்தனை இதழ்கள், வெளியிடுபவர் யார், கட்டுரைகளைத் துறை அறிஞர்கள் மதிப்பிடும் மீளாய்வு எப்படி நடக்கிறது, பதிப்புரிமை யாருக்கு என்பனவும் அங்கேயே வரும். முதுகில் பெயர், தொகுதி, இதழ், ஆண்டு. முதுகு வெறுமையாக இருந்தால் நூலக இறாக்கையில் உங்கள் சஞ்சிகையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

பக்க இலக்கம் ஒரு தொகுதி முழுவதும் தொடர்ந்து ஓடட்டும். இதழ் 1 பக்கம் 96 இல் முடிந்தால் இதழ் 2 பக்கம் 97 இல் தொடங்கும். ஒவ்வொரு கட்டுரையும் வலப்பக்கத்தில், அதாவது ஒற்றை இலக்கத்தில் தொடங்குவது நல்லது. தனிப்பிரதி எடுக்கும்போது முந்திய கட்டுரையின் வால் ஒட்டிக்கொண்டு வராது. நடுவே பின் அடிக்கும் இதழுக்கு மொத்தப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 16 பக்க மடிப்புகளாகத் தைப்பதென்றால் அதற்கேற்பத் திட்டமிடுங்கள். ஒரு பக்கம் கூடினாலும் பின்னால் வெற்றுத் தாள்கள் தொங்கும்.

படி 3: கட்டுரையின் முதற்பக்கம்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. மேலே சஞ்சிகையின் பெயர், தொகுதி, இதழ், ஆண்டு, பக்கங்கள், ஐஎஸ்எஸ்என், டிஓஐ (இணையத்தில் அந்தக் கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்). பிறகு தலைப்பு, ஆசிரியர்கள், அவர்களின் துறையும் நிறுவனமும், தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல். அடுத்து 150 முதல் 250 சொற்களில் ஆய்வுச் சுருக்கம், நான்கைந்து திறவுச்சொற்கள். கட்டுரை கிடைத்த, திருத்தப்பட்ட, ஏற்கப்பட்ட திகதிகள். அடியில் பயன்பாட்டு உரிமம். தமிழ்க் கட்டுரையானாலும் தலைப்பும் சுருக்கமும் திறவுச்சொற்களும் ஆங்கிலத்திலும் வேண்டும். கட்டுரைகளைப் பட்டியலிடும் சர்வதேசச் சுட்டிகள் பல அவற்றையே கேட்கின்றன.

எங்கள் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. இணையப் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு பெட்டிகளைக் காட்டும். தகப்பன் பெயரை ஒருமுறை முதலெழுத்தாகவும் ஒருமுறை முழுதாகவும் மறுமுறை குடும்பப் பெயராகவும் போட்டால், ஒரே விரிவுரையாளர் சுட்டிகளில் மூன்று பேராகிவிடுவார். ஒரு வடிவத்தைத் தெரிந்து அதையே எப்போதும் பயன்படுத்தச் சொல்லுங்கள். கூடவே ஆய்வாளரைத் தனித்து அடையாளப்படுத்தும் 16 இலக்க ஓர்சிட் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

படி 4: உடற்பகுதி

அறிவியல் கட்டுரைக்கு அறிமுகம், முறையியல், பெறுபேறுகள், கலந்துரையாடல் என்ற அமைப்புப் பொருந்தும். இலக்கியம், வரலாறு சார்ந்தவற்றை அதற்குள் திணிக்க வேண்டாம். அட்டவணையின் தலைப்பு மேலே, படத்தின் விளக்கம் கீழே. நிறத்தால் மட்டும் வேறுபடும் வரைபுக் கோடுகள் கறுப்பு வெள்ளை அச்சில் ஒன்றாகிவிடும். புள்ளிக்கோடு, உடைகோடு என்று மாற்றுங்கள். உசாத்துணைக்கு ஒரே பாணி போதும், ஆனால் அதைக் கடைசி வரை காப்பாற்ற வேண்டும்.

படி 5: மின்பதிப்பு

யாழ்ப்பாணத்தில் கட்டுரைகள் இன்னும் பாமினி என்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சாகி வருகின்றன. அச்சில் அழகாகத்தான் இருக்கும். பிடிஎஃப்பிலிருந்து ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லைப் பிரதி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள்: ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக வரும். தேடுபொறிக்கும் அதுதான் தெரியும். எனவே பக்க வடிவமைப்புக்கு முன்னரே யுனிகோடுக்கு மாற்றுங்கள். முழுக் கோப்பையும் ஒரே தடவையில் மாற்றினால் உசாத்துணையிலுள்ள ஆங்கில நூற்பெயர்களும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் பிரித்து மாற்றி, மூலத்துடன் ஒப்பிடுங்கள்.

அடுத்தது மேனிலைத் தரவு, அதாவது கட்டுரையைப் பற்றிய தலைப்பு, ஆசிரியர் முதலிய விபரங்கள். சஞ்சிகையை இணையத்தில் நடத்த உதவும் ஓஜேஎஸ் போன்ற மென்பொருளில் நீங்கள் நிரப்பும் பெட்டிகளிலிருந்துதான் கூகுள் ஸ்கொலர் போன்றவை விபரங்களை எடுக்கின்றன. அங்கேயுள்ள தலைப்பும் ஆசிரியர் வரிசையும் பிடிஎஃப்பில் உள்ளவையோடு ஒத்திருக்க வேண்டும்.

டிஓஐ எண்ணைக் குரொஸ்ரெஃப் போன்ற பதிவு முகவரகம் ஊடாகப் பெறலாம். 10 என்று தொடங்கும் முன்னொட்டு, சாய்கோடு, பிறகு நீங்கள் இடும் பின்னொட்டு. பின்னொட்டைச் சுருக்கமாக வையுங்கள். எண்ணைப் பக்கத்தில் அச்சிட்டால் மட்டும் அது வேலை செய்யாது. பதிவு செய்ய வேண்டும். இணையத்தளத்தின் முகவரி மாறினால் புதிய முகவரியை முகவரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு செத்துவிடும். சொந்தத் தளத்தைப் பராமரிக்க ஆளில்லாதோர் தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் சிறி லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தை விசாரிக்கலாம்.

படி 6: பாதுகாப்பும் பிழைதிருத்தமும்

ஒரே இடத்தில் மட்டும் வைத்திருந்தால் என்னாகும் என்பதை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது கண்டோம். அச்சுப் பிரதிகளைப் பல நூலகங்களுக்கு அனுப்புங்கள். மின்பதிப்புக்கு, பிரதிகளைப் பல இடங்களில் சேமித்து வைக்கும் லொக்ஸ் போன்ற பாதுகாப்பு வலையமைப்புகள் உண்டு. ‘நூலகம்’ என்ற பெயரிலுள்ள எண்ணிம நூலகத்துக்கும் பிரதி கொடுங்கள்.

வெளியான பின் பிழை தெரிந்தால் பிடிஎஃப்பைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். பழைய பிரதியைத் தரவிறக்கி மேற்கோள் காட்டியவர் ஏமாந்துபோவார். பிழைதிருத்தத்தைத் தனி உருப்படியாக, தனி டிஓஐயுடன் வெளியிட்டு, மூலக் கட்டுரையின் பக்கத்தில் அதற்கு இணைப்புக் கொடுங்கள். அச்சில் அடுத்த இதழில், பொருளடக்கத்திலும் காட்டி, மூலக் கட்டுரையின் தொகுதி, இதழ், பக்கம் மூன்றையும் குறிப்பிடுங்கள்.