பெற்றோருக்குச் சேதி சொல்வதில் பள்ளி மாவட்டங்கள் செய்யும் தவறுகள்

போன குளிர்காலத்தில் ஒரு நாள், விடிகாலை ஐந்தே முக்கால் மணிக்கு என் செல்பேசி அடித்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காப்பி போட எழுந்திருந்த அம்மாதான் எடுத்தார். மதுரையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ஹலோ, யாருங்க பேசறது?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, ஏதோ கம்பெனிக்காரன் என்று நினைத்து வைத்துவிட்டார். பேசியது பள்ளி மாவட்டத்தின் பதிவுக் குரல். சாலையில் பனி உறைந்திருப்பதால் பள்ளி இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கும் என்ற அறிவிப்பு அது. மகள் பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, விரலெல்லாம் சிவந்து திரும்பி வந்தாள். மாவட்டத்தின் கணக்கில் அந்த அழைப்பு "சேர்ந்தது" என்றுதான் பதிவாகியிருக்கும்.

அதன் பிறகுதான் எங்கள் மாவட்டத்தின் பெற்றோர் குழுவில் சேர்ந்தேன். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் வருவாய் மாவட்டம் மாதிரி அல்ல. பெரும்பாலான இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம், சொந்த வரவு செலவு, சொந்த விதிமுறை என்று தனியாக இயங்கும் அமைப்பு. நாடு முழுக்க 13,000க்கும் மேல் இருக்கின்றன. ஆனாலும் பல மாவட்டங்கள் ஒரே மாதிரித் தவறுகளைத்தான் செய்கின்றன. நம்மவர்கள் நிறைய பேர் இப்போது இந்தக் குழுக்களில் இருப்பதால், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

"ஆப்பை இறக்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள், எல்லாம் அதில் வரும்" என்று சொல்வதுதான் முதல் தவறு. வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிள்ளை வகுப்புக்கு வராததையும் வீட்டுப்பாடம் கொடுக்காததையும் குறுஞ்செய்தியில் சொல்லும் வசதி அது. வலைத்தளத்தில் போய் நீங்களே சேருங்கள் என்று விட்டபோது நூற்றுக்கு ஒருவர்கூடச் சேரவில்லை. குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பினால் போதும் என்றபோது எட்டுப் பேர் சேர்ந்தார்கள். பள்ளியே எல்லோரையும் சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்றபோது ஏறக்குறைய யாருமே விலகவில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பேசுகிற கூட்டங்களில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, பொத்தாம்பொதுவாகப் பேசுவது. "தினமும் பள்ளிக்கு வருவது முக்கியம்" என்று வருடத்துக்குப் பத்துக் கடிதம் வரும். யாரும் அதைத் தன் பிள்ளைக்கு என்று எடுத்துக்கொள்வதில்லை. பிலடெல்பியாவில் 2014-15 கல்வியாண்டில் சுமார் 28,000 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு அவரவர் பிள்ளை அதுவரை எத்தனை நாள் வரவில்லை என்ற எண்ணிக்கையை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். வருடத்தில் 18 நாளோ அதற்கு மேலோ பள்ளியைத் தவறவிடும் பிள்ளைகளின் எண்ணிக்கை, கடிதம் போகாத குடும்பங்களோடு ஒப்பிட்டால், 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் கல்யாணம், ஊருக்குப் போகிற வாரத்தில் இரண்டு நாள் முன்கூட்டியே கிளம்புவது என்று உதிரியாகப் போகும் நாட்களை வீட்டில் யார் கூட்டிப் பார்க்கிறோம்? நானும் என் மகள் நான்கு நாள்தான் போகவில்லை என்று நினைத்திருந்தேன். பதினொன்று.

வாராந்திர மடல் பற்றி ஒரு வரி போதும். என்ன, எப்போது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது மேலேயே இருக்கட்டும். தலைமை அதிகாரியின் புகைப்படமும் வாழ்த்துரையும் அப்புறம் வரலாம்.

மொழி விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. பெற்றோருக்குப் புரியும் மொழியில் பள்ளி சேதி சொல்ல வேண்டும் என்பதற்கு, 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும், சான் பிரான்சிஸ்கோ சீன மாணவர்கள் வழக்கில் 1974இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்தான் அடித்தளம். அப்படியிருந்தும் அவசரத்துக்குப் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் குறையைப் பத்து வயதுப் பிள்ளை தாத்தாவிடம் எப்படிச் சொல்லும்? நம் பக்கத்துத் தவறு, சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி ஆங்கிலம் என்று எழுதுவது. பிள்ளையைத் தனி ஆங்கில வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். ஆனால் தமிழ்க் குடும்பம் எத்தனை என்று கணக்கில் ஏறாவிட்டால், தமிழில் ஓர் அறிவிப்பு வர வேண்டும் என்று எதை வைத்துக் கேட்பது?

புகைப்படத்துக்கும் சட்டம் உண்டு. 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டப்படி, பிள்ளையின் பெயர், படம், பெற்ற பரிசு போன்றவற்றை வெளியிடுவதாக இருந்தால் முன்கூட்டியே அறிவித்து, வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு தர வேண்டும். அந்தப் படிவம் ஆகஸ்டில் வரும் காகிதக் கட்டுக்குள் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி விழாக்கள். முழு வருகைக்குச் சான்றிதழ் தருவது நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். கலிபோர்னியாவில் 14 மாவட்டங்களில் 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்தபோது நேர்மாறாக நடந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் சான்றிதழ் வாங்கியவர்கள் அடுத்த மாதம் கூடுதலாக விடுப்பு எடுத்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டோம் என்ற எண்ணத்தை அந்தச் சான்றிதழே கொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கூடவே ஆஸ்துமாவால் வர முடியாத பிள்ளையையும் கீழே உட்கார வைத்துக் கைதட்டச் சொல்கிறோம்.

ஒவ்வொரு வருடமும் அதே பத்துப் பிள்ளைகள் மேடையேறுவதும் அப்படித்தான். கால்பந்துக் குழுவுக்கு உற்சாகக் கூட்டம் நடத்தும் பள்ளி, பேருந்து ஓட்டுநரையும் உணவகத்தில் பரிமாறுபவரையும் ஒரு முறை மேடைக்கு அழைக்கலாம். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ந்தவர்களுக்குப் பள்ளிப் படிப்பு முடியும்போது தரும் இருமொழித் தேர்ச்சி முத்திரையைக் கலிபோர்னியா 2011இல் தொடங்கி வைத்தது; அதைத் தமிழில் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் உட்கார்ந்து வாங்கியது அது. அதையும் மேடையில் சொல்லலாமே. தீபாவளி மாலையில் பெற்றோர் கூட்டம் வைக்காமல் இருப்பதற்கு ஒரு நாட்காட்டி போதும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது பெயர். என் மகள் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஆறாம் வகுப்புப் பரிசளிப்பில் படிப்பவர் ஒரு கணம் நிறுத்தினார், தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் வாயைத் திறக்கும் முன்பே இவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அந்த இடைவெளிதான் தன் பெயர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பரிசளிப்புப் படிவத்தில் "பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்" என்று ஒரு கட்டம். செலவு எதுவும் இல்லை, அதனால் யாரும் மறுக்கவும் இல்லை. இந்த வருடம் அந்தப் படிவம் வீட்டுக்கு வந்தது. மகள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பாட்டியை நான்கைந்து முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்: நாக்கின் நுனியை மேலே வளைக்கணும், ஆனால் எங்கேயும் தொடக் கூடாது.